கழுத்தில் ஒரு கோடு

அத்தியாயம் பதினொன்று

மறுநாள் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு காஜியார் வருவார் என்ற சேதியோடு சென்ற வாரம் அந்த வீட்டை விட்டு இறங்கினோம். இதோ, பொழுது விடிந்துவிட்டது. சூலியா தெருவின் கடைகளை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் கோப்பிக்கடைக்காரன் அடுப்பு மூட்டிவிட்டான். மாடிக்குப் போகலாம், வாருங்கள். படிகள் செங்குத்து, கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தெருவைப் பார்த்த ஜன்னலோரம், சாய்வு நாற்காலியில் அப்துல் அஜீஸ் உட்கார்ந்திருந்தார். கப்பல்களுக்குக் காய்கறி, கோழி, ஐஸ்கட்டி என்று சாமான் ஏற்றிக் கொடுக்கும் துபாஷ் அவர். சாம்பான் படகில் நின்றபடி அவர் கூப்பிட்டால் மேல்தட்டில் இருப்பவன் எட்டிப் பார்ப்பான், அப்படி ஒரு குரல். அந்தக் குரல் போய் இரண்டு மாதமாகிறது. வலக் கையும் வலக் காலும் கூடவே போயின.

சிரிப்பு மட்டும் போகவில்லை. அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவர் மகள் சுலைஹா இன்று காஜியார் முன்னால் நிற்கப் போகிறாள்.

"காதுகிட்ட மெதுவா, நானா."

"எனக்குத் தெரியும்லா. ரெண்டு மாசமா யாரு செரைக்கிறா?"

அண்ணன் இஸ்மாயில் சொன்னதில் பொய்யில்லை. தினம் காலையில் வாப்பாவைக் குழந்தையைப் போலத் தூக்கிக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சட்டை மாட்டி உட்காரவைத்துவிட்டுத்தான் அவன் துறைமுகத்துக்குப் போவான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை பிடிவாதம் பிடித்தால் வீட்டில் யாரால் திட்ட முடிகிறது?

"இன்னைக்கு காஜியார் ஹஜ்ரத் வந்து பாக்கட்டும்," என்றான் கத்தியைத் துடைத்துக்கொண்டே. "வாப்பாவுக்குப் புத்தி தெளிவா இருக்குன்னு அவஹ சொல்லிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னு சொல்லிட்டா நீ தொறக்கக் கூடாது."

"புத்தி இருக்கு நானா."

"இருக்கணும்னு எனக்கும் ஆசைதான், சுலைஹா." அவன் வாப்பாவின் கன்னத்தில் இருந்த நுரையை விரலால் வழித்தான். "ஆசைப்பட்டா ஆயிடுமா?"

விஷயம் இதுதான். பெண்ணை நிக்காஹ் முடித்துக் கொடுக்கும் உரிமை வாப்பாவுடையது. பேச்சு நின்றுபோனாலும் பாதகமில்லை. புரியும்படி சாடை காட்டினால் அது செல்லும். புத்தி பேதலித்துவிட்டது என்றால் அந்த உரிமை மகனிடம் வந்துவிடும். மகன் மனதில் இருப்பவர் கெப்பாலா பத்தாஸில் நெல் வயலும் நல்ல பெயரும் உள்ள ஷேக் அலாவுதீன். மகள் மனதில் இருப்பவன் கப்பல் கம்பெனிக் குமாஸ்தா அப்துல் காதர்.

காதர் இந்த வீட்டுப் படி ஏறியதே வாப்பாவின் பைத்தியத்தால்தான். பைத்தியம் என்பது என் வார்த்தையில்லை, வாப்பாவின் தங்கை சல்மா மாமியின் வார்த்தை.

நாகூரிலிருந்து கடல் தாண்டி இந்தத் துறைமுக ஊருக்கு வந்த புதிதில், இளவட்டமாக இருந்தபோது, கடற்கரைத் திடலில் வெள்ளைக்காரர்கள் கொளுத்தும் வெயிலில் ஒரு பந்தின் பின்னால் ஓடுவதைப் பார்த்து நின்று சிரித்திருக்கிறார் அப்துல் அஜீஸ். போலீஸ்காரன் விரட்டிவிட்டான். மறுவாரமே ஒரு கப்பல் சமையலறையில் ஒரு தபால் அட்டையைக் கண்டார். தொப்பை பெருத்த ஒரு துரை மட்டையை ஓங்கியிருக்கிறார். கால்சட்டை பின்னால் கிழிந்திருக்கிறது. பந்தை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடுகிறது. ஒரு பப்பாளிப் பழத்தைக் கொடுத்து அந்த அட்டையை வாங்கிக்கொண்டார்.

அன்று பிடித்தது. வருகிற கப்பல் ஆட்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். மற்றவர்கள் மலையும் கப்பலும் கோபுரமும் போட்ட அட்டைகள் சேர்ப்பார்கள். அவருக்கு விளையாட்டுக் கேலிப் படம் மட்டும்தான் வேண்டும். கோல் வலையில் மீனைப் போல மாட்டிக்கொண்ட பந்துக்காவலன். ஒருவரையொருவர் குத்தி இருவருமே விழுந்துகிடக்க, எண்ண வந்தவனும் பக்கத்தில் விழுந்துகிடக்கும் குத்துச்சண்டை. பருத்த ஒருவர் குதித்ததும் தண்ணீரெல்லாம் வெளியேறி வெறுந்தொட்டியாகப் போன நீச்சல் குளம்.

"நம்மள மெரட்டுற தொரைங்க, தாங்க விழுந்து எந்திரிக்கிறதத் தாங்களே படம் போட்டு விக்கிறாங்க பாரு புள்ளே," என்பார். "இந்த ஒண்ணுக்காகவே அவங்கள மன்னிச்சிடலாம்லா."

மாற்றிக்கொள்ள வருகிறவர்களுக்கென்று அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கொண்டுவந்த அட்டை பிடித்துவிட்டால் ஆல்பத்தின் மூலைக் கீறல்களில் உடனே செருகிவிட்டு, தன்னிடமிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். பிடிக்கவில்லை என்றால் ஒரு சொல் சொல்ல மாட்டார். படத்தைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து, வந்தவரின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மூடிவிடுவார். வாயால் வேண்டாம் என்றால் மனசு நோகுமாம். பிறகு கோப்பி வரும், பேச்சு வேறு பக்கம் போகும். திரைக்குப் பின்னால் கோப்பி கலக்கும் சுலைஹா இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இஸ்மாயிலுக்கு இதெல்லாம் தெரியாது. கார்டு என்று சொன்னாலே அவன் எழுந்து போய்விடுவான்.

வாப்பா விழுந்த அன்று மாலையும் காதர் வழக்கம்போல ஓர் அட்டையோடு வந்திருந்தான். மூன்று கால் ஓட்டப் பந்தயம்: ஓர் ஆணும் பெண்ணும் கால்கள் சேர்த்துக் கட்டப்பட்டு, ஆளுக்கொரு திசையில் ஓடப் பார்க்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசினார்கள். காதர் போனான். வாப்பா மகரிபு தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்ய எழுந்தவர் அப்படியே சாய்ந்தார்.

மறுநாள் காதர் ஓடிவந்து, கண்ணெல்லாம் கலங்கி, இஸ்மாயிலிடம் சொன்னான். "நான் பொண்ணு கேட்டேன். மாமா சம்மதம்னு சொன்னாஹ."

இஸ்மாயில் நம்பவில்லை. சுலைஹா நம்பினாள். வாப்பாவின் காதருகே குனிந்து, "நெசமா வாப்பா?" என்று கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அந்த மூன்று கால் அட்டை மட்டும் கீறலில் செருகப்படாமல் ஆல்பத்தின் கடைசியில் சும்மா கிடந்தது. செருகுவதற்குள் விழுந்துவிட்டார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு சங்கடம் உண்டு. விழுந்த பிறகு வாப்பாவின் தலை எதைக் கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்று ஆடுகிறது. பசிக்கிறதா, ஆமாம். பசியில்லையா, அதற்கும் ஆமாம். அதை வைத்துத்தான் புத்தி போய்விட்டது என்கிறான் இஸ்மாயில்.

ஆனால் ஆல்பத்தை விரித்தால் கதை வேறு. வலையில் மாட்டிய பந்துக்காவலனைக் கண்டால் கண்ணில் நீர் வரும்வரை சிரிக்கிறார். எவனோ சும்மா விட்டுப்போன கோல்ஃப் அட்டைக்குச் சிரிப்பதில்லை; எந்தக் காலத்திலும் சிரித்ததில்லை. "அது வெளையாட்டா? குழி தோண்டுற வேல" என்பது அவர் கட்சி. காலண்டர் படத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பழைய ருசி அப்படியே இருக்கிறது. ருசி இருக்கிற இடத்தில் புத்தி இல்லாமல் போகுமா? இதைத்தான் காஜியாரிடம் காட்டப் போகிறாள்.

பகலில், வாப்பா நாற்காலியிலேயே அசந்து தூங்கியபோது, சல்மா மாமி மாடியை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சுலைஹா கீழே மீன் ஆணம் வைத்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து மாமி யாசீன் ஓதும் குரல் வந்தது. நடுநடுவே குரல் நின்றது. ஒரு தடவை மாமி களுக்கென்று சிரித்தது போலக்கூட இருந்தது. இந்த நேரத்தில் மாமிக்கு என்ன சிரிப்பு என்று நினைத்தபடி குழம்பைக் கரண்டியால் துழாவினாள்.

வாப்பாவுக்குச் சோறு ஊட்டி, அவர் கண்ணயர்ந்த பிறகு, ஆல்பத்தை மடியில் எடுத்து வைத்தாள். எந்த அட்டையை முதலில் காட்டுவது, எதை அடுத்துக் காட்டுவது என்று ஒரு தடவை பார்த்துவைத்துக்கொள்ள நினைத்தாள்.

முதல் பக்கம். நாய் பந்தைக் கவ்வி ஓடியது. துரையின் கழுத்தில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு.

மை இன்னும் பளபளத்தது. நாயின் கழுத்திலும் ஒரு கோடு.

பக்கம் பக்கமாகத் திருப்பினாள். வலையில் மாட்டியவன் கழுத்தில், குத்துச்சண்டைக்காரர்கள் கழுத்தில், வெறுந்தொட்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவர் விடாமல் எல்லார் கழுத்திலும் கோடு. அடிக்கோல் வைத்து, சற்றும் கோணாமல் இழுத்திருந்தது.

"மாமி!"

சல்மா மாமி முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தார். விரல் நுனியெல்லாம் மசி.

"சத்தம் போடாதே புள்ளே, உங்க வாப்பா தூங்குறாஹ."

"என்னா மாமி செஞ்சிருக்கீங்க?"

"ஏன், நல்லா வரலையா? அடிக்கோல் வச்சுத்தானே இழுத்தேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கிறியே! ஹஜ்ரத் வர்ற வீடு. உசிருள்ள படம் இருக்கிற எடத்துக்கு ரஹ்மத்துடைய மலக்கு, அல்லா அனுப்புற வானவரு, வருமா? கழுத்துல ஒரு கோடு போட்டாப் போதும், படத்துக்கு உசிரு போயிடும், வெறும் சித்திரம் ஆயிடும்னு எங்க உம்மா சொல்லுவாஹ. மூஞ்சியச் சொரண்டலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். அண்ணன் ஆசையா பாக்கிற மூஞ்சிங்களாச்சே, மனசு வரல்ல. கழுத்தோட நிறுத்திக்கிட்டேன்." மாமியின் முகம் மலர்ந்தே இருந்தது. "அந்தத் தொட்டிக்காரனப் பாத்து எனக்கே சிரிப்பு வந்துடிச்சி. யாசீன் ஓதும்போது சிரிச்சிட்டேன், அல்லா மன்னிக்கணும்."

அன்பாகச் செய்த கெடுதலுக்கு எந்த வார்த்தையைச் சொல்லித் திட்டுவது?

"மாமி, இத வச்சுத்தான் வாப்பாவச் சிரிக்கவைக்க இருந்தேன். ஹஜ்ரத் முன்னாடி."

மாமியின் முகத்தில் மலர்ச்சி மெல்ல இறங்கியது. "இப்பவும் சிரிப்பாஹதானே?" என்றார். பிறகு, இன்னும் சின்னக் குரலில், "சிரிக்க மாட்டாஹளா?"

ரப்பரை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள் சுலைஹா. பந்துக்காவலனின் கழுத்தில் காகிதம் பொரிந்து நார் கிளம்பியது. நிறுத்திவிட்டாள். மாமி பக்கத்தில் உட்கார்ந்து, மசி விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார்.

"அழாதீங்க மாமி. தாப்பா லா, பரவாயில்ல. பாத்துக்கலாம்," என்றாள்.

அசர் பாங்கு ஓய்ந்த பிறகு படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"இந்தப் படிய ஏறிவர்றவனுக்கு மொதல்ல புத்தி இருக்கான்னு பாக்கணும்," என்றபடி காஜியார் வந்து சேர்ந்தார். கனத்த உடம்பு, வெண்தாடி, சிரிக்கும் கண்கள். பின்னாலேயே இஸ்மாயில். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்த சுலைஹா, கோப்பிக்கடை பெஞ்சில் காதர் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கோப்பையைக் கையில் உருட்டினான். மாமி திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

"அஜீஸ் பாய், அஸ்ஸலாமு அலைக்கும். என்னைத் தெரியுதா?"

தலை ஆடியது. ஆமாம்.

"நான் உங்களோட சாம்பான் ஏறினவன்தானே, ஒருக்கா?"

ஆமாம்.

காஜியாரின் முகம் தெளிந்தது. இஸ்மாயில் நாற்காலியின் அருகில் மண்டியிட்டான். "மன்னிச்சிக்கிடுங்க வாப்பா," என்று முணுமுணுத்துவிட்டுக் கேட்டான். "வாப்பா, நீங்க கப்பல் கப்பித்தானா?"

ஆமாம்.

"நீங்க சுல்தானா?"

ஆமாம், ஆமாம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இஸ்மாயில் தலையைக் குனிந்துகொண்டான். "இதுதான் ஹஜ்ரத். தினம் இதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எவன் வேணும்னாலும் வந்து, என் தங்கச்சியக் குடுக்கிறீங்களான்னு கேட்டா, இந்தத் தலை ஆடும். அதுக்குத்தான் பயப்படுறேன். எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்ல."

"தங்கச்சி என்னா சொல்லுது?" காஜியார் சுலைஹாவின் பக்கம் திரும்பினார். "வாம்மா. பயப்படாம சொல்லு."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். வாப்பாவுக்கு எது சிரிப்பு, எது சிரிப்பில்லை என்பது இன்னும் தெரிகிறது என்றாள். கோல்ஃப் கதையையும், காதர் கடைசியாகக் கொண்டுவந்த மூன்று கால் ஓட்டப் பந்தய அட்டையைப் பற்றியும் சொன்னாள். காஜியார் தாடியைத் தடவியபடி கேட்டார். "அப்படியா? காட்டு பாப்போம்."

ஆல்பத்தை வாப்பாவின் மடியில் வைத்துப் பந்துக்காவலன் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். எப்போதும் பக்கம் திரும்பும்போதே அவர் உதடு ஒருபக்கமாகக் கோணிக்கொள்ளும். சிரிப்பு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். இன்றும் கோணியது.

அப்படியே நின்றது.

இடக் கையின் கட்டைவிரல் அட்டையின் மேல் போனது. கோட்டைத் தடவியது. தடவிய விரலைப் பார்த்தார்.

சுலைஹா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். குத்துச்சண்டை. சிரிப்பில்லை. நீச்சல் குளம். இல்லை. நாய். அவர் முகம் மழைக்கு முந்தைய கடலைப் போலக் கறுத்துக்கொண்டே வந்தது.

"போதும் சுலைஹா," என்றான் இஸ்மாயில். குரலில் வெற்றி இல்லை. "வாப்பாவ வருத்தாதே."

"இரு தம்பி," என்றார் காஜியார். குனிந்து அட்டைகளைப் பார்த்தார். "இந்தக் கோடெல்லாம் யாரு போட்டது?"

திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் உடைந்து வந்தது. "நான்தான் ஹஜ்ரத். நீங்க வர்றீங்கன்னு. கழுத்துல கோடு போட்டா உசிரு போயிடும்னு சொல்லுவாஹளே… அண்ணன் ரூமுக்கு மலக்கு வரணும்னுதான்… இப்படிக் கெடுத்துட்டேனே, ரப்பே!"

"அழாதீங்கம்மா. உங்க எண்ணம், நிய்யத்து, நல்லதுதான்," என்றார் காஜியார். அறையில் மாமியின் விசும்பல் மட்டும் கேட்டது.

அப்போது அப்துல் அஜீஸ் இடக் கையை உயர்த்தினார்.

மெதுவாகத்தான் உயர்ந்தது அந்தக் கை. முதலில் திரையைக் காட்டியது. பிறகு ஆல்பத்தை. பிறகு சுட்டுவிரல் அவருடைய கழுத்துக்கே போய், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, அடிக்கோல் வைத்தாற்போல ஒரு கோடு இழுத்தது. இழுத்து முடித்த விரலை நீட்டி மகனைக் காட்டினார்.

உதடு கோணியது. சிரிப்பு வந்தது. தொண்டையிலிருந்து கரகரவென்று கிளம்பி, நெஞ்சு குலுங்கி, கண்ணில் நீர் கொட்டுகிற அந்தப் பழைய சிரிப்பு.

இஸ்மாயில் விளங்காமல் பார்த்தான். காஜியாருக்கு விளங்கிவிட்டது. தாடி ஆட அவரும் சிரித்தார். பிறகு தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"புரியலையா தம்பி? உங்க மாமி படத்துக்குக் கோடு போட்டாஹ. நீங்க உசிரோட இருக்கிற மனுசனுக்கே போட்டுட்டிங்கன்னு சொல்றார். இப்படி ஒரு கேலி பண்ணப் புத்தி இல்லாதவனால முடியுமா? புத்தி இருக்கிற நமக்கே வரலையே!" குரல் இறங்கியது. "தலை ஆடுறது நோவு. அதப் பாக்காதீங்க. இந்தக் கையப் பாருங்க. பொண்ணக் குடுக்கிற உரிமை அஜீஸ் பாயோடதுதான். நான் சொல்லிட்டேன்."

இஸ்மாயில் வாப்பாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். செயலற்ற அந்த வலக் காலில் நெற்றியை வைத்துக்கொண்டான். வாப்பாவின் இடக் கை அவன் தலையில் இறங்கியது.

சுலைஹாவுக்குக் கண்ணீரில் கண் மறைத்தது. ஜெயித்துவிட்டாள்.

"அப்போ இன்னொண்ணையும் கேட்டுடுறேன், அஜீஸ் பாய்," என்றார் காஜியார். "கீழ உக்காந்திருக்கிற காதர் உங்க பொண்ணக் கேக்கிறான். நீங்க சம்மதம் சொன்னதாச் சொல்றான். தலைய ஆட்டாதீங்க, கையால சொல்லுங்க. என்னா சொல்றீங்க?"

அப்துல் அஜீஸ் சிரிப்பதை நிறுத்தினார். மகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் தேடிப் புரட்டினார். சும்மா கிடந்த அந்த மூன்று கால் அட்டையை எடுத்தார். ஓடப் பார்க்கும் ஆண், ஓடப் பார்க்கும் பெண், இரண்டு கழுத்திலும் மாமியின் கோடு. கண்ணால் சுலைஹாவை அருகில் அழைத்தார். அவள் கையை நீட்டினாள்.

அட்டையைக் கவிழ்த்தார். படம் கீழ்ப்பக்கமாக அவள் உள்ளங்கையில் வைத்தார். ஒரு கையால் சிரமப்பட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் காஜியார். "மாப்பிள்ள குடுத்த கார்டுதானே இது? அதையே எடுத்துப் பொண்ணு கையில குடுத்துட்டார். இதவிட என்னா சம்மதம் வேணும்?"

இஸ்மாயில் தலை நிமிர்ந்தான். முகம் கசங்கியிருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். "வாப்பா முடிவு அதுதான்னா, எனக்கும் சம்மதம். கூப்பிடுங்க அவனை."

திரைக்குப் பின்னால் மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு துஆ ஓத ஆரம்பித்தார்.

சுலைஹா மூடிய கையோடு நின்றாள். அட்டையின் விளிம்பு உள்ளங்கையில் குத்தியது. அந்த அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவருக்குப் பேச்சில்லை.

அன்று காதருகே குனிந்து கேட்டபோது வாப்பா ஏன் கண்ணை மூடினார் என்று இப்போது யோசித்தாள். இந்த அட்டையை ஏன் செருகவில்லை என்றும் யோசித்தாள். செருக நேரம் இல்லையென்று அவளாகவே சொல்லிக்கொண்டாள், அவளாகவே நம்பினாள். இப்போதும் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும். எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். கீழே அவன் காத்திருக்கிறான்.

வாப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டளையுமில்லை, கெஞ்சலுமில்லை அந்தப் பார்வையில். அவருடைய கழுத்தில், சற்றுமுன் விரல் இழுத்த தடம் இன்னும் சிவந்திருந்தது. சவரம் செய்த தோல், மெல்லிய தோல்.

சும்மா நின்றால் அந்த இடத்திலேயே இன்னொரு கோடு விழும். அது அவள் கையால் விழும்.

"ஹஜ்ரத்," என்றாள். மாமியின் துஆவில் அது அமுங்கிப்போனது. மறுபடி சொன்னாள். "ஹஜ்ரத், அது சம்மதம் இல்ல."

"என்னம்மா சொல்றே?"

"வாப்பாவுக்கு ஒரு வழக்கம். புடிக்காத கார்டத் திருப்பிக் குடுக்கிறப்ப இப்படித்தான் கவுத்துக் குடுப்பாஹ. வாயால சொன்னா மனசு நோகும்னு." கண்ணீர் தானாக இறங்கியது, துடைக்கவில்லை. "வாப்பா வேணாம்னு சொல்றாஹ."

இஸ்மாயில் தங்கையை அதுவரை பார்க்காத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான். அப்துல் அஜீஸ் கண்ணை மூடித் திறந்தார். அவர் கன்னத்திலும் ஈரம்.

"உன் வாயால இதச் சொன்னியேம்மா," என்றார் காஜியார் மெதுவாக. "நீ சொல்லாம இருந்திருந்தா எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"வாப்பாவுக்குத் தெரியுமே, ஹஜ்ரத்."

அட்டையைக் காதரிடம் திருப்பிக் கொடுப்பதைத் தானே செய்ய வேண்டும் என்றாள். இஸ்மாயில் மறுக்கவில்லை. அவளுக்கு முன்னால் படியிறங்கி, பாதிப் படியில் நின்றுகொண்டான். "நான் இங்கேயே இருக்கேன். போயிட்டு வா," என்றான்.

காதர் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான். அவள் முகத்தைப் பார்க்கும் முன்பே சிரித்துவிட்டான். நல்ல சேதி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகுதான் அவள் நீட்டிய கையைப் பார்த்தான். படம் கீழே, வெற்று முதுகு மேலே.

அவனுக்கும் அந்த வழக்கம் தெரியும். அந்த மாடியில் எத்தனையோ மாலை வேளைகளில் பார்த்தவன்தானே. சிரிப்பு முகத்திலேயே நின்று, உயிரில்லாமல் போனது.

"அன்னைக்குக் கதவுக்குப் பின்னால வாப்பா உங்ககிட்ட என்னா சொன்னாஹ?" என்று கேட்டாள் சுலைஹா. "ஏற்கெனவே ஒருக்கா இதத் திருப்பிக் குடுத்தாஹளா? வாங்காம வச்சிட்டு வந்தீங்களா?"

தெருவில் ரிக்ஷா ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. கோப்பிக்கடைக்காரன் தலையைத் திருப்பிக்கொண்டு, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினான்.

காதர் அட்டையைப் பார்த்தான், படியில் நிற்கும் இஸ்மாயிலைப் பார்த்தான், மாடி ஜன்னலைப் பார்த்தான். பிறகு, திருப்பிக் கொடுப்பதைத் தொட்டால்தானே வாங்கிக்கொண்டதாக ஆகும் என்பதுபோல, இரண்டு கைகளையும் மெல்லப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சுலைஹாவின் கை நீட்டியபடியே இருந்தது.